கொல்லிமலையில் மூணு ஹோல்

1/
கோல்ஃப் பத்தி ஒரு நீளமான இழை. "டாக்டர் கோல்ஃப் ஆட ஆரம்பிச்சிட்டாரா"ன்னு கேக்காதீங்க. நான் இதுவரைக்கும் அந்த மட்டையைத் தொட்டதுகூட இல்ல. நான் வேலை பார்க்குற கொல்லிமலையில கோல்ஃப் மைதானமும் கிடையாது. ஆனா கடைசி வரைக்கும் படிங்க. இதுல நான் பண்ணின ஒரு தப்பு இருக்கு. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு உபயோகமான விஷயமும் இருக்கு.

2/
இந்தப் பக்கம் வராதவங்களுக்காகச் சொல்றேன். நாமக்கல் மாவட்டம். அடிவாரத்துல காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினா மேல மரவள்ளி, மிளகு, காபி, பலா, அன்னாசி. இங்க ஊராட்சிக்குப் பேரே "நாடு"தான். அதுல ஒண்ணு தேவனூர் நாடு. இந்தக் கதையில வர்ற பெரியவர் அந்த ஊர். குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "பேரு மட்டும் போடாதீங்க சார்"னாங்க. அதனால பெரியவர்னே சொல்றேன்.

3/
போன ஆடி மாசம் முதல் தடவையா ஓபிக்கு வந்தார். 65 வயசுக்கு மேல. "நடக்க முடியல சாமி, காலு இழுக்குது"ன்னார். முட்டியை அமுக்கிப் பார்த்தேன். வலி மாத்திரை, கால்சியம் எழுதினேன். வெளிய வரிசை நின்னுட்டு இருந்துச்சு. மொத்தமா ரெண்டு நிமிஷம் பார்த்திருப்பேன்.

4/
ஐப்பசியில மறுபடி வந்தார். கூட வந்த அம்மா, "கையும் நடுங்குதுங்க, முன்ன மாதிரி பேச்சும் கேக்கல, வாய்க்குள்ளயே பேசுறாரு"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வயசாச்சில்லம்மா." இந்த வார்த்தையை எழுதவே கூச்சமா இருக்கு. மருத்துவத்துல நாங்க சொல்ற சோம்பேறித்தனமான பதில் இதுதான்.

5/
மூணாவது தடவை நெத்தியில ரத்தத்தோட வந்தார். ஆட்டுக் கொட்டாய்க்குப் போற வழியில விழுந்துட்டார். தையல் போடும்போதுதான் அவர் முகத்தைப் பக்கத்துல பார்த்தேன். ஊசி குத்துறேன், முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. கண் சிமிட்டுறதே குறைவு. மடியில கிடந்த வலது கை கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரையை உருட்டுற மாதிரி உருட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்தக் கையால தம்ளரை எடுக்கச் சொன்னேன். எடுக்கும்போது நடுக்கம் குறைஞ்சுது.

6/
மணிக்கட்டைப் பிடிச்சு மடக்கிப் பார்த்தேன். பல் சக்கரம் கடக் கடக்னு நகர்ற மாதிரி விட்டு விட்டு வந்துச்சு. எழுந்து நடக்கச் சொன்னேன். கை வீசாம, குனிஞ்சு, சின்னச் சின்ன அடியா தேய்ச்சு நடந்தார். வாசப்படிக்கிட்ட வந்ததும் கால் தரையோட ஒட்டின மாதிரி நின்னுடுச்சு. எம்பிபிஎஸ் மாணவனே சொல்லிடுவான், பார்க்கின்சன். நான் ரெண்டு தடவை பார்த்தும் பார்க்கல.

7/
ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன். தலைசுத்தலுக்கு மாசக்கணக்கா சின்னரிசின் மாதிரி மாத்திரையை கடையில வாங்கிப் போடுறவங்களுக்கு இதே மாதிரி நடுக்கமும் இறுக்கமும் வரலாம். மருந்தை நிறுத்தினா பெரும்பாலும் மெல்ல மெல்ல சரியாகும். இவரும் போட்டிருந்தார். முதல்ல அதை நிறுத்தினோம். அப்புறமும் மாறல. கீழ மெடிக்கல் காலேஜ் நியூரோ ஓபிக்கு அனுப்பினேன். பார்க்கின்சன்னு உறுதி பண்ணி, லெவோடோபா–கார்பிடோபா ஆரம்பிச்சு அனுப்பினாங்க.

8/
மாத்திரையில இறுக்கம் குறைஞ்சுது. முகத்துல கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு. ஆனா அந்தக் "கால் ஒட்டிக்கிறது" முழுசா போகல. வாசப்படி, குறுகலான இடம், திரும்புற இடம், இந்த மூணு இடத்துலயும் நின்னுடுவார். உடம்பு முன்னாடி போகும், கால் வராது. அப்படித்தான் விழறது. இந்த வயசுல இடுப்பு எலும்பு உடைஞ்சா, இந்த மலையில இருந்து ஆளை 70 வளைவு இறக்கணும். எனக்கு அந்தப் பயம்தான்.

9/
பொங்கல் லீவுல மகன் வந்தார். முப்பது வயசு இருக்கும். "எங்க வேலைப்பா"ன்னு கேட்டேன். "பெங்களூருல கோல்ஃப் கோர்ஸ்ல சார்." கேடியான்னு நினைச்சேன், மட்டை மூட்டை தூக்குறவங்க. "இல்லைங்க சார், கிரீன்ஸ்ல. புல்லு மிஷின் ஓட்டுறேன். ஒம்போது வருஷம் ஆச்சு." மரவள்ளிக்காட்டுல வளர்ந்த பையன் பணக்காரங்க ஆடுற புல்லை வெட்டுறான்னு மனசுக்குள்ள ஒரு மாதிரிதான் இருந்துச்சு.

10/
ஆனா அவர் பேசப் பேச நான் ஓபி டேபிள்ல கை வச்சுக் கேட்டுட்டே இருந்தேன். காலையில 4.30 மணிக்கு வேலை. குழி இருக்கிற அந்த கிரீன் புல்லை 3, 4 மில்லிமீட்டருக்கு வெட்டணும். குழியோட அகலம் நாலேகால் இஞ்ச். ஒரே இடம் மிதிபட்டுத் தேயக்கூடாதுன்னு குழியையே அடிக்கடி இடம் மாத்துவாங்க. கிரீனுக்கு அடியில மணல், அதுக்கும் அடியில ஜல்லி, குழாய். "நாங்க புல்லை வளக்கலைங்க சார். தண்ணியை வெளிய அனுப்புறோம். தண்ணி நின்னா புல்லு செத்துரும். எங்கப்பா காட்டுல செஞ்சதுதாங்க."

11/
"இதையெல்லாம் யாரு டிசைன் பண்ணுவாங்க, இன்ஜினியரா"ன்னு கேட்டேன். "ஆடினவங்களே போடுவாங்க சார். பெங்களூரு கேஜிஏ கோர்ஸ் இருக்குல்ல, அது ஆஸ்திரேலியாக்காரர் பீட்டர் டாம்சன் போட்டது. பெரிய சாம்பியனாம்." அந்தப் பேரை நான் கேள்விப்பட்டதே இல்ல. அன்னிக்கு நைட் டியூட்டி. ஒரு பாம்புக்கடி, ஒரு பிரசவம், நடுவுல கிடைச்ச நேரத்துல அந்த மனுஷனைப் பத்திப் படிச்சேன்.

12/
பீட்டர் டாம்சன். 1929ல மெல்போர்ன் பிரன்ஸ்விக்ல பிறந்தவர். வீட்டுப் பக்கத்துல இருந்த ஒன்பது ஹோல் பொது மைதானத்துல ஆட ஆரம்பிச்சவர். தொழில்துறை வேதியியல் படிச்சவர். 20 வயசுல முழுநேர ஆட்டக்காரர். பிரிட்டிஷ் ஓபன்தான் இந்த ஆட்டத்துலயே பழைய பட்டம். அதை 1954, 1955, 1956ன்னு தொடர்ந்து மூணு வருஷம் ஜெயிச்சார். 20ஆம் நூற்றாண்டுல அப்படிச் செஞ்சவர் அவர் ஒருத்தர்தான். அப்புறம் 1958, 1965. மொத்தம் அஞ்சு.

13/
அந்த மைதானங்கள் எல்லாம் கடலோரம். லிங்க்ஸ்னு சொல்வாங்க. காத்து பலமா அடிக்கும், தரை மேடும் பள்ளமும் கெட்டியா இருக்கும். அங்க பந்தை உயரத் தூக்கி அடிச்சா காத்து கொண்டுபோயிடும். இவர் தாழ்வா அடிச்சு, தரையில எங்க விழுந்தா எந்தப் பக்கம் உருளும்னு கணக்குப் போட்டு ஆடுவார். பலத்தைவிட நிலத்தைப் படிக்கிற கண்ணுதான் அவர் சொத்து. இதைப் படிச்சதும் எனக்கு நம்ம ஊர் விவசாயிகள் ஞாபகம்தான் வந்துச்சு.

14/
இந்தியாவுக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தம் இருக்கு. உலகம் சுத்துற ஆட்டக்காரர், வழியில டெல்லியில இறங்கி ஆடுவார். இங்க ஒரு தேசியப் போட்டி இருந்தாத்தான் ஆட்டம் வளரும்னு சொல்லி இந்தியன் ஓபன் தொடங்கக் காரணமா இருந்தார். 1964ல டெல்லி கோல்ஃப் கிளப்ல முதல் போட்டி. ஜெயிச்சதும் அவர்தான். 1966லயும் 1976லயும் மறுபடி ஜெயிச்சார்.

15/
அந்தப் போட்டியில பின்னாடி யாரெல்லாம் ஜெயிச்சாங்கன்னு பார்த்தேன். 1991ல அலி ஷேர். டெல்லியில கேடியா இருந்தவர். 2009ல பெங்களூரு முனியப்பா. அவரும் மூட்டை தூக்கி வளர்ந்தவர்தான். பணக்காரங்க ஆட்டத்துல மூட்டை தூக்கினவன் கோப்பை தூக்கினான். நம்ம தம்பிகிட்ட மறுநாள் முனியப்பா பேரைச் சொன்னேன், முகம் மலர்ந்துடுச்சு. "அவரைத் தெரியாதவங்க எங்க ஆளுங்கள்ல யாருங்க சார் இருக்காங்க."

16/
டாம்சனோட ரெண்டாவது வாழ்க்கைதான் எனக்குப் பிடிச்சது. மைக்கேல் வொல்வரிஜ்னு ஒருத்தரோட சேர்ந்து மைதானம் அமைக்கிற வேலைக்குப் போனார். உலகம் முழுக்க 100க்கு மேல. பழைய கல்லறைக் கட்டடங்கள் நடுவுல இருக்கிற டெல்லி கிளப் மைதானத்தை 1970கள்ல மாத்தி அமைச்சது அவர்தான். கோல்ஃபோட தாய் வீடுன்னு சொல்ற ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ்ல 1995ல திறந்த டியூக்ஸ் மைதானமும் அவர் போட்டது. தான் 1955ல பட்டம் ஜெயிச்ச ஊர்லயே, 40 வருஷம் கழிச்சு இன்னொருத்தர் ஆட இடம் பண்ணிக் கொடுத்திருக்கார்.

17/
நடுவுல சும்மா இல்ல. ஆஸ்திரேலிய தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்துக்கு 1962ல இருந்து 1994 வரைக்கும் தலைவர். 1982ல விக்டோரியா மாநிலத் தேர்தல்ல நின்னு கொஞ்ச ஓட்டுல தோத்தார். 1985ல அமெரிக்காவுல சீனியர் போட்டிகள்ல ஒரே வருஷம் ஒன்பது பட்டம். அப்போ அவருக்கு வயசு 55. எனக்கு 34 ஆகுது. "இன்னும் எம்பிபிஎஸ் மட்டும்தானா, பிஜி எப்போ"ன்னு சொந்தக்காரங்க கேட்டா ரெண்டு நாள் தூக்கம் போயிடுது. அன்னிக்கு நைட் இதைப் படிச்சது எனக்கே ஒரு மருந்து.

18/
எல்லாம் பெருமையாவே எழுதிட்டா பொய் ஆயிடும். கோல்ஃப் மைதானம் தண்ணி குடிக்கும், உரம் குடிக்கும், பெரிய நிலத்தை வேலி போட்டு வச்சுக்கும். பெங்களூருல கேஜிஏ இருக்கிற இடம் சல்லகட்டா ஏரி இருந்த இடம். பஸ் ஸ்டாண்டு, ஸ்டேடியம்னு அந்த ஊர் தன் ஏரிகளை நிரப்பின வரிசையில இதுவும் ஒண்ணு. தம்பிகிட்ட இதைக் கேட்டேன். "தெரியும் சார். மழை பேஞ்சா தண்ணி அதுபாட்டுக்குப் பழைய எடத்துக்கே வரும். நாங்கதான் வெளிய தள்ளுவோம்"னார். அதுக்கு மேல அவரும் பேசல, நானும் பேசல.

19/
இப்போ கதைக்கு வர்றேன். ராத்திரி 3 மணி இருக்கும். டாம்சனைப் பத்திப் படிச்சிட்டே வந்தவன் கடைசி வரியில நின்னுட்டேன். 2018 ஜூன் 20ல இறந்தார், வயசு 88. நாலு வருஷத்துக்கு மேல பார்க்கின்சன் நோயோட இருந்திருக்கார். நிலத்தைப் படிச்சு ஜெயிச்ச மனுஷனுக்கு, கடைசியில நிலத்துல கால் எடுத்து வைக்கிறதே போராட்டமா இருந்திருக்கும்.

20/
அப்போதான் படிக்கிற காலத்துல படிச்ச ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நம்ம நடை தானியங்கி. "இடது, வலது"ன்னு யோசிச்சு நடக்கிறதில்ல. மூளையில அந்தத் தானியங்கி வேலையைப் பார்க்கிற இடம்தான் பார்க்கின்சன்ல கெடுது. ஆனா தரையில குறுக்கே கோடு போட்டு, "இந்தக் கோட்டைத் தாண்டுங்க"ன்னு சொன்னா, மூளை வேற வழியில வேலையைச் செய்யும். ஒட்டின கால் எழும்பும். 1960கள்லயே டாக்டர்கள் இதைக் கவனிச்சு எழுதியிருக்காங்க. செலவு இல்லாத வைத்தியம். நான் யாருக்கும் சொன்னதே இல்ல.

21/
காலையில தம்பிக்கு போன் போட்டேன். "நீங்க பெங்களூருல செய்யிற வேலையை உங்கப்பாவுக்குச் செய்ய முடியுமா?" அவருக்குப் புரியல. வீட்டுக்கே போனேன். மக்களைத் தேடி மருத்துவம் பிசியோ அக்காவும் கூட வந்தாங்க. வீட்டுல இருந்து ஆட்டுக் கொட்டாய் வரைக்கும் 40 அடி தூரம் இருக்கும். குண்டும் குழியும், நடுவுல ஒரு கூர்மையான திருப்பம், வாசல்ல உயரமான கல். பெரியவர் விழுந்தது அந்தத் திருப்பத்துலதான்.

22/
தம்பி கொஞ்ச நேரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தரையையே பார்த்தார். ஒரு செம்புத் தண்ணியை ஊத்தி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்தார். "மொதல்ல தண்ணியைத் திருப்பணுங்க சார். இல்லைன்னா மழைக்கு வழுக்கும்." மண்வெட்டி எடுத்தார். மூணு நாள் வேலை. பாதையை மேடாக்கி, லேசா ஒரு பக்கம் சரிச்சு, ஓரத்துல சின்ன வாய்க்கால். வாசக்கல்லை உடைச்சு ரெண்டு தாழ்வான படி.

23/
திருப்பத்துக்கு பிசியோ அக்கா சொன்னது முக்கியம். பார்க்கின்சன் உள்ளவங்க நின்ன இடத்துலயே சுத்தித் திரும்பக் கூடாது. அகலமா வளைஞ்சு நடந்து திரும்பணும். தம்பி சிரிச்சார். "நம்ம மலை பஸ் திரும்புற மாதிரிங்களா?" அதேதான். வேலியை ரெண்டு முழம் தள்ளி வச்சு வளைவை அகலமாக்கினார். கோல்ஃப்லயும் இப்படி வளைஞ்சு போற பாதை உண்டாம். நாய்க்கால்னு அர்த்தம் வர்ற பேர்ல சொல்வாங்களாம்.

24/
பொங்கலுக்கு வெள்ளையடிச்ச சுண்ணாம்பு மிச்சம் இருந்துச்சு. பெரியவரோட அடி அளவை எடுத்து, ஒவ்வொரு அடிக்கும் பாதைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கவனிங்க, நீளவாக்குல இல்ல, குறுக்கே. கொட்டாய் தாண்டி பலா மரத்தடி வரைக்கும் போட்டார். அங்க உட்கார ஒரு கல். "பதினெட்டு ஹோல் இல்லைங்க சார். மூணு ஹோல்தான். வாசல்ல இருந்து குழாய், குழாய்ல இருந்து கொட்டாய், கொட்டாய்ல இருந்து பலா மரம்."

25/
பெரியவர் வாசல்ல நின்னார். வழக்கம்போல கால் ஒட்டிக்கிச்சு. பிசியோ அக்கா, "ஐயா, அந்தக் கோட்டை மிதிக்காம தாண்டுங்க"ன்னாங்க. ரெண்டு நொடி. தாண்டினார். அடுத்தது. அடுத்தது. திருப்பத்துல மகன் கை நீட்டிக்கிட்டே பக்கத்துல போனார், தொடல. பலா மரத்துக் கல்லுல போய் உட்கார்ந்துட்டு பெரியவர் சொன்ன ஒரே வார்த்தை: "ஆட்டுக்குத் தழை போட்டியா?" அந்தம்மா அழுதுட்டாங்க. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

26/
இது அதிசயம் இல்ல. நோய் போகல, போகவும் போகாது. மாத்திரை நேரம் தப்பினா இன்னிக்கும் கஷ்டம்தான். சித்திரை மழையில சுண்ணாம்பு கரைஞ்சு போச்சு, அந்த வாரமே ஒரு தடவை விழுந்தார். நல்லவேளை அடி இல்ல. இப்போ அந்தம்மா கோட்டுக்குப் பதிலா ஓட்டுச் சில்லைத் தரையோட தரையா பதிச்சு வச்சிருக்காங்க. தடுக்காம இருக்கணும்னு நான் கையால தடவிப் பார்த்துட்டு வந்தேன்.

27/
தம்பி வேலையை விட்டுட்டு வந்துடலாமான்னு என்கிட்ட கேட்டார். தங்கச்சி நர்சிங் படிக்குது, அவர் சம்பளத்துலதான். நான் பதில் சொல்லல. அது ஒரு டாக்டர் சொல்ற பதில் இல்ல. பெரியவரே சொல்லிட்டார்: "பாதை போட்டுட்டல்ல, போ." போயிட்டார். மாசம் ஒரு தடவை வர்றார். வந்ததும் முதல்ல மண்வெட்டியைத்தான் எடுக்கிறார்.

28/
இப்போ உங்களுக்கு. வீட்டுப் பெரியவங்ககிட்ட இதெல்லாம் இருந்தா "வயசாச்சு"ன்னு விடாதீங்க:
சும்மா இருக்கும்போது ஒரு பக்கக் கை நடுக்கம்.
நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாம இருக்கிறது.
கையெழுத்து, குரல் ரெண்டும் சின்னதாகிறது.
முகத்துல உணர்ச்சி குறையறது.
வாசனை தெரியாம போறது, மலச்சிக்கல், தூக்கத்துல கை கால் உதைச்சுக் கத்துறது. இவை நடுக்கத்துக்கு வருஷக்கணக்குல முன்னாடியே வரலாம்.

29/
மருந்து ஆரம்பிச்சவங்களுக்கு: லெவோடோபாவை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போட்டா நல்லா வேலை செய்யும். பருப்பு, முட்டை, கறியோட சேர்த்துப் போட்டா வேகம் குறையலாம். ஆரம்பத்துல குமட்டல் இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. படுத்து எழும்போது மெதுவா எழுங்க, பிரஷர் இறங்கும். முக்கியமா, திடீர்னு நீங்களா நிறுத்தவே கூடாது, அது ஆபத்து. அரசு மெடிக்கல் காலேஜ் நியூரோ ஓபியில காசில்லாம காட்டலாம்.

30/
வீட்டுல செய்ய வேண்டியது: கால் ஒட்டிக்கிற இடத்துல தரையில குறுக்கே கலர் டேப் ஒட்டுங்க. வழியில மிதியடி, ஒயர், ஸ்டூல் வேண்டாம். திரும்ப அகலமா இடம் விடுங்க. ஒட்டிக்கும்போது கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, விழுந்துடுவாங்க. நிக்க விடுங்க, மூச்சு விடச் சொல்லுங்க, "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தராது. ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பக்கத்துல வச்சு முதல்ல செஞ்சு பாருங்க.

31/
போன வாரம் ஓபியில ஒரு பாட்டி, "காலு இழுக்குது கண்ணு"ன்னு வந்தாங்க. வெளிய வரிசை அப்படியேதான் இருந்துச்சு. முட்டியை அமுக்குறதுக்கு முன்னாடி, "கொஞ்சம் நடந்து காட்டுங்க பாட்டி"ன்னேன். ரெண்டு கையும் நல்லா வீசி நடந்தாங்க. முட்டி வலிதான். கால்சியம் எழுதிக் கொடுத்தேன்.

இழை அவ்வளவுதான். உங்க வீட்டுப் பெரியவங்களை இன்னிக்கு ஒரு தடவை நடக்கச் சொல்லிப் பாருங்க.